பட்டாளத்தில் இருந்தாரா, பட்டாளத்தோடு இருந்தாரா?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் தாத்தாவின் அப்பாவைத் தோட்டத்தில் எல்லாரும் "பட்டாளத்தார்" என்றே அழைத்தார்கள். வெள்ளைக்காரத் துரைமாரோடு சண்டைக்குப் போய் வந்தவர் என்று வீட்டில் பேச்சு. பாட்டியின் தகரப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது, சி.பி.ஆர்.சி. என்று நான்கு ஆங்கில எழுத்துகள் கொண்ட பித்தளைத் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அது எந்தப் பட்டாளம், அதன் வரலாறு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை வாசித்தபின் எனக்குப் பட்டது வேறு. பட்டாளத்தின் வரலாறு உங்களுக்கு இரண்டாவதுதான். "எங்கள் ஆள் உண்மையிலேயே சிப்பாயா, இல்லை வீட்டில் கட்டிவிட்ட கதையா?" என்பதுதான் முதல் கேள்வி. நேராகக் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் இராணுவ நிபுணன் அல்லன். ஹட்டன் பக்கத்தில் முப்பது ஆண்டுகள் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். பழைய செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு, கடன் தீர்ந்ததற்கான துண்டு, சம்பளப் புத்தகம், மங்கிப்போன படம் என்று எதையாவது எடுத்துக்கொண்டு ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். தோட்டத்துத் தாள்களைப் பற்றி ஓரளவு உறுதியோடு பேசுவேன். உங்கள் பித்தளைத் துண்டை நேரில் பார்க்காமல், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நான்கு எழுத்துகளும் சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்பதன் சுருக்கம். தமிழில் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை எனலாம். உங்கள் வீட்டில் "துரைமார் பட்டாளம்" என்று சொன்னார்களாம், அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பை என்னால் தர முடியாது. ஏனென்றால் அதில் துரைமார் மட்டுமே இருந்தார்கள். 1900ஆம் ஆண்டு தொடங்கி 1949இல் கலைக்கப்படும்வரை அது ஐரோப்பியருக்கு மட்டுமான தொண்டர் படை. தேயிலை, றப்பர்த் தோட்டங்களின் பெரிய துரைமாரும் சின்னத் துரைமாரும்தான் அதன் ஆட்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம், ஐரோப்பியக் கலப்பு வழிவந்த பறங்கியர் எவருக்கும் அதில் இடம் கிடையாது. ஆகவே உங்கள் பூட்டனார் அந்தப் பட்டாளத்தின் பெயர்ப்பட்டியலில் சிப்பாயாக இருந்திருக்க முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக் கதை பொய் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டாளத்தில் இருப்பது ஒன்று, பட்டாளத்தோடு இருப்பது இன்னொன்று. நம் ஆட்கள் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

இந்தப் படை எதற்காக உருவானது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். கண்டியிலும் மற்ற இடங்களிலும் காவலுக்கு நின்ற பழைய சிலோன் ரைபிள் படையணி, பெரும்பாலும் மலாய்க்காரர்களைக் கொண்டது, 1870களில் கலைக்கப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1881இல் தொண்டர் படை தொடங்கியது. இன்று இலங்கை இலகு காலாட்படை என்று நாம் அறிவது அதன் வாரிசு. அதில் உள்நாட்டாரும் சேரலாம். ஐரோப்பியருக்கு, அதிலும் குதிரை வைத்திருந்த துரைமாருக்கு, 1892இல் தனியாக ஒரு குதிரைப் பிரிவு வந்தது. 1900 பெப்ரவரியில் அந்தப் பிரிவிலிருந்து ஒரு குழு தென்னாபிரிக்கப் போருக்குக் கப்பல் ஏறியது, அதிலும் பெரும்பாலோர் தோட்டக்காரர்கள். அதே ஆண்டில்தான், குதிரை இல்லாத துரைமாரும் சேரக்கூடிய விதமாக, கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு நீங்கள் கேட்கும் காலாட்படை உருவானது. கண்டியைத் தேர்ந்ததில் வியப்பில்லை. துரைமாரின் சங்கம் 1854 முதல் அங்கேதான் இருந்தது. சங்கத்துக்குப் போன அதே ஆட்கள்தான் பட்டாளத்துக்கும் போனார்கள்.

தென்னாபிரிக்காவுக்கு 1902இல் இரண்டாவது குழுவும் போனது. அந்த ஆண்டு மே மாதம் போர் முடிந்துவிட்டது. உண்மையில் அந்தப் போர் மலையகத்துக்கு வந்தது வேறு வழியாக. அங்கே பிரித்தானியரோடு சண்டையிட்ட, டச்சு வழிவந்த போயர்களில் பிடிபட்ட கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை 1900 ஓகஸ்டிலிருந்து தியத்தலாவையில் தகரக் கொட்டகை போட்டு அடைத்தார்கள். ரயில் பாதை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பண்டாரவளையை எட்டியிருந்தது, குளிர் நாடு, சுற்றிலும் மொட்டைப் புல்மலை. கைதி தப்பி ஓடினாலும் எட்டு மைல் தூரத்திலிருந்தே தெரியும். கைதிகள் போனபிறகும் கொட்டகைகள் நின்றன, முகாம் நின்றது. இன்றுவரை தியத்தலாவை இராணுவ ஊராக இருப்பதற்கு விதை அதுதான். பிரித்தானிய மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய மறுத்துத் தாய்நாடு திரும்ப முடியாமல் போன ஏங்கல்பிரெக்ட் என்ற போயர், பிறகு யால காட்டின் முதல் காவலரானார். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத கிளைக்கதை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தியத்தலாவை என்ற பெயரை மட்டும் நினைவில் வையுங்கள், திரும்பி வருவோம்.

ஏன் ஐரோப்பியருக்கு மட்டும் என்று கேட்பீர்கள். 1911 குடிசன மதிப்பீட்டை எடுத்துப் பாருங்கள். இந்தியத் தமிழர் என்று கணக்கெடுக்கப்பட்டவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல். தீவிலிருந்த ஐரோப்பியர், குழந்தை குட்டி, பாதிரி, வியாபாரி எல்லாரையும் சேர்த்தாலும் பத்தாயிரத்தைத் தொடவில்லை. ஒரு தோட்டத்தில் ஒரு பெரிய துரை, அவருக்குக் கீழ் ஒன்று இரண்டு சின்னத் துரைமார், அவர்களைச் சுற்றி லயங்களில் ஆயிரம் பேர். இரவில் பங்களாவின் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும் ஒருவனுக்கு இந்தக் கணக்கு மறந்திருக்காது. 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு இந்தியாவெங்கும் ஐரோப்பியத் தொண்டர் படைகள் முளைத்ததற்கும் இதே பயம்தான் காரணம். சாம்ராச்சியத்துக்காகப் போருக்குப் போவது மேடையில் சொன்ன காரணம். தோட்டத்திலேயே துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த வெள்ளையர் இருக்க வேண்டும் என்பது மேடையில் சொல்லாத காரணம். இரண்டாவது என் கணிப்பு, ஆவணம் அப்படி வாய்விட்டுச் சொல்லாது. ஆனால் ஒரு படை யாரைச் சேர்க்கிறது, யாரை விடுகிறது என்பதைப் பார்த்தாலே அது யாருக்குப் பயப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

நம் தோட்டத்துப் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது: பிரட்டு. விடியற்காலையில் தப்படித்து ஆட்களைத் திரட்டி, கங்காணிமார் கணக்குக் கொடுத்து, யார் எந்த மலையில் வேலை செய்வது என்று துரை பிரித்துக் கொடுக்கும் இடம் பிரட்டுக் களம். அது பரேட் என்ற சொல்லின் திரிபு என்பார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பட்டாளம் என்பதும் பட்டாலியனில் இருந்து வந்ததுதான். ஆக, துரைமார் சனிக்கிழமை தங்களுக்குள் போட்ட பரேட்டுக்கு முன்பே, நம் ஆட்கள் வாரத்தில் ஆறு நாளும் பரேட்டில்தான் நின்றார்கள்.

முதல் உலகப் போருக்கு வருகிறேன், உங்கள் வீட்டுக் கதைக்கு நெருங்கிய காலம் அதுதான். 1914 ஒக்டோபரில் மேஜர் ஹோல் பிரவுன் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 மற்ற நிலையினரும் வூஸ்டர்ஷயர் என்ற கப்பலில் கொழும்பிலிருந்து எகிப்துக்குப் புறப்பட்டார்கள். அந்த நேரத்தில் இந்து சமுத்திரத்தில் எம்டன் இன்னும் வேட்டையாடிக்கொண்டிருந்தது. செப்டெம்பர் 22ஆம் திகதி சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசிக் கலங்கடித்த அதே ஜெர்மன் கப்பல். இன்றும் யாராவது பொல்லாத ஆளாக இருந்தால் "அவன் பெரிய எம்டன்" என்று சொல்கிறோமே, அந்த எம்டன். நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவருகே அதை ஒழித்துக்கட்டும்வரை கப்பல் பயணம் என்றாலே வயிற்றில் புளி கரைத்தது.

எகிப்தில் இவர்களைச் சுயஸ் கால்வாய்க் காவலில் போட்டார்கள். பிறகு அவுஸ்திரேலிய நியூசிலாந்துப் படைகளோடு இணைத்தார்கள். 1915 ஏப்ரலில் கல்லிப்போலிக் கரையில் அந்தப் படைகள் இறங்கியபோது, தளபதி பேர்ட்வூட்டின் தலைமையகக் காவலாக நின்றவர்கள் நம் தோட்டத்துத் துரைமார்தான். நேற்றுவரை டிக்கோயாவிலும் தலவாக்கலையிலும் கொழுந்து நிறுவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், துருக்கியின் மலைச்சரிவில் ஒரு தளபதியின் கூடாரத்துக்குக் காவல் நின்றார்கள். சரிவு மட்டும் அவர்களுக்குப் பழக்கமானதாக இருந்திருக்கும்.

ஒரு படையணியாகச் சேர்ந்து நின்று பெரிய சண்டை போட்டது என்று இதைச் சொல்ல முடியாது. அதற்குக் காரணம் எளிது. ஆட்கள் எல்லாரும் பள்ளியில் படித்தவர்கள், ஆட்களை வேலை வாங்கிப் பழகியவர்கள், அதிகாரியாக்குவதற்கு ஏற்றவர்கள். ஆகவே இவர்களை ஒவ்வொருவராகப் பிடுங்கி, அதிகாரிப் பதவி கொடுத்து, மற்றப் பிரித்தானியப் படையணிகளுக்கு அனுப்பினார்கள். நாற்று மேடை மாதிரி: செடி அங்கே முளைக்கும், வளர்வது வேறு மலையில். 1917வரையான கணக்கில் 80 பேர் மாண்டார்கள், 99 பேர் காயப்பட்டார்கள். 237 பேர் போன முதல் குழுவோடு ஒப்பிட்டால் இது சிறிய எண் அல்ல. இவர்களைப் பற்றி எனக்கு ஆயிரம் மனக்குறைகள் உண்டு, ஆனால் இந்த எண்ணைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துதான் போகிறது.

அதே 1915இல் ஊரில் நடந்ததையும் மறைக்கக்கூடாது. மே மாதக் கடைசியில், வெசாக் நாளில், கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. அதன் வேர் கம்பளையில் பெரஹரா என்ற பௌத்த ஊர்வலம் பள்ளிவாசலைக் கடந்து போவது பற்றிய பழைய வழக்கில் இருந்தது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பஞ்சாபிப் படையோடு துரைமாரும் வேறு ஐரோப்பியத் தொண்டர்களும் துப்பாக்கியோடு இறக்கப்பட்டார்கள். விசாரணை இல்லாமலே ஆட்களைச் சுட்டார்கள் என்ற முறைப்பாடுகள் எழுந்தன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதைச் சட்டசபையிலும் இலண்டனிலும் எடுத்துப் பேசினார், அடுத்த ஆண்டே அதுபற்றி நூலும் வெளியிட்டார். கல்லிப்போலியில் காவல் நின்ற அண்ணனும் இங்கே கிராமத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்த தம்பியும் ஒரே வர்க்கம் என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறுதான்.

போருக்கும் போருக்கும் இடையில் இருந்த இருபது ஆண்டுகள்தான் உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். உங்கள் தாத்தா 1926இல் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பூட்டனார் 1890க்கும் 1905க்கும் இடையில் பிறந்திருப்பார். தென்னாபிரிக்கா கணக்கில் இல்லை. 1914இல் பையனாகவோ இளவட்டமாகவோ இருந்திருப்பார். அவர் நடுவயதை எட்டிய 1920களிலும் 30களிலும் இந்தப் பட்டாளம் என்ன செய்தது? துப்பாக்கிப் பயிற்சி, வருடாந்த முகாம், கிளப்பில் விருந்து. முகாம் என்றால் தியத்தலாவை. துரை முகாமுக்குப் போனால் தனியே போவாரா? சப்பாத்துக்குப் பூச்சுப் போட ஆள் வேண்டும், பித்தளைக்குப் பளபளப்பு ஏற்ற ஆள் வேண்டும், தேநீர் போட்டுத் தர ஆள் வேண்டும். பங்களாச் சமையல்காரனான அப்புவோ எடுபிடிப் பொடியனோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவான்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. டிக்கோயாப் பக்கத்தில் நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில், ஸ்டோருக்குப் பின்னால் ஒரு மண்திட்டு இருந்தது. தேயிலை நடாத துண்டு நிலம், மானாப்புல் மட்டும். மழைக்குப் பிறகு அங்கே போய்க் குச்சியால் கிண்டினால் ஈயக் குண்டுகள் கிடைக்கும், நசுங்கிப்போய், சோளப்பொரி மாதிரி. அதைச் சிரட்டையில் சேர்த்து உருக்கித் தூண்டிலுக்குக் கனமாகக் கட்டுவோம். அது துரைமார் குறிபார்த்துச் சுடும் இடமாக இருந்தது என்று பின்னாளில் எனக்குச் சொன்னவர், எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த ஒரு கிழவர். சிறுவயதில் அவருடைய வேலை, திட்டுக்குக் கீழே தோண்டிய குழிக்குள் குந்திக்கொண்டு, ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் நீண்ட கம்பை உயர்த்திக் குண்டு பட்ட இடத்தைக் காட்டுவது. படாவிட்டால் சிவப்புத் துணியை ஆட்ட வேண்டும். "சிவப்புத் துணியை ஆட்டினால் துரைக்குக் கோபம் வரும், ஆட்டாவிட்டால் மற்றத் துரைக்குக் கோபம் வரும்" என்று சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குக் கொழுந்து மலைக்குப் போகாமலே அவருக்கு முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி, போடுவார்களாம். சின்னப் பையனுக்கு அரைப் பேர் போடுவதுதான் வழக்கம், ஆகவே அது பெரிய சலுகை. சாகும்வரை அவருக்கு ஒரு காது மந்தம். அவருக்கும் எங்கள் தோட்டத்தில் பட்டப்பெயர் ஒன்று இருந்தது: "வெடிக்காரர்."

இப்போது உங்கள் "பட்டாளத்தார்" என்ற பெயர் எப்படி விழுந்திருக்கும் என்று ஓரளவு புரிந்திருக்கும். துரையின் அப்புவாக, குதிரைக்காரராக, குறிக் குழியில் நின்ற பொடியனாக, முகாமுக்குப் பெட்டி சுமந்தவராக அவர் இருந்திருக்கலாம். இந்த நான்கில் ஏதோ ஒன்று என்பது மிகவும் சாத்தியம். எகிப்துவரை துரையோடு கப்பலில் போனார் என்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு, அப்படிப் போயிருந்தால் தடயம் இருக்கும், அதைக் கீழே சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி தன் விருப்பத்துக்குப் பட்டாளத்தில் சேர்ந்துவிடவும் முடியாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போனவனை வாரண்ட் போட்டுப் பிடித்துச் சிறையில் அடைக்கலாம். அந்தச் சிறைத் தண்டனை ஒழிந்தது 1921இல்தான். கடன் தீர்ந்தது என்று துண்டு கிடைத்தால் ஒழிய வேறு தோட்டத்துக்கே போக முடியாதவன், போர்க்களத்துக்கு எங்கே போவான்?

இன்னொரு வழியும் திறந்தே இருக்கிறது, அதையும் தள்ளிவிடாதீர்கள். இலகு காலாட்படை உள்நாட்டாரைச் சேர்த்தது. இரண்டாம் உலகப் போரில் இலங்கையர் பலர் பாதை போடுவது, சுமை தூக்குவது போன்ற உடலுழைப்பு வேலைக்கான பிரித்தானியப் பயனியர் படையில் சேர்ந்து மத்திய கிழக்குவரை போனார்கள். பூட்டனார் 1905 வாக்கில் பிறந்தவர் என்றால் 1940இல் முப்பத்தைந்து வயது. அந்த வழியில் அவர் உண்மையான சிப்பாயாகவே இருந்திருக்கலாம். ஆனால் அப்படியென்றால் பெட்டியில் இருக்க வேண்டியது வேறு எழுத்துகள். சி.பி.ஆர்.சி. துண்டு அந்தக் கதையோடு ஒட்டாது. இரண்டு தனித்தனிக் கதைகள் ஒரே தகரப் பெட்டிக்குள் வந்து கலந்திருக்கவும் கூடும்.

படையின் முடிவை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இரண்டாம் போரிலும் அது பழையபடி நாற்று மேடைதான். 170க்கும் மேற்பட்ட ஆட்களை இந்தியாவின் பெல்காமில் இருந்த அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு, புதிய இலங்கை இராணுவம் அமைந்த அதே 1949ஆம் ஆண்டில், வெள்ளையருக்கு மட்டுமான படைக்கு இடமில்லாமல் அது கலைந்துபோனது. அந்த ஆண்டைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒன்று உறுத்தும். 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் நம் ஆட்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்ததும் அதே காலம். துரைமார் பட்டாளத்தைக் கலைத்தவர்கள் யாரும் லயத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. துரைக்கு ஊர் இருந்தது, கப்பல் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார். துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்தவனுக்கு இந்த ஊரும் இல்லை, அந்த ஊரும் இல்லை என்று ஆனது.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதலில் அந்தப் பித்தளைத் துண்டு. அது பெரும்பாலும் தோளில் குத்தும் அடையாளம். அதன் பின்புறம் இரண்டு சிறு வளையங்கள் இருக்கும், அவற்றின் ஊடாகப் பிளவு ஊசி போட்டுச் சட்டையின் தோள்பட்டையில் இறுக்குவார்கள். எழுத்துகளின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தால் பல ஆண்டுகள் தினமும் துடைக்கப்பட்டது என்று அர்த்தம். துடைத்தது துரையின் கையாக இருந்திருக்காது. வளையங்களில் ஒன்று உடைந்திருந்தால், துரை கழித்துப் போட்டதை வேலைக்காரர் எடுத்து வைத்துக்கொண்டார் என்று ஊகிக்கலாம். தோளுக்கு ஒன்றாக இரண்டு இருந்திருக்க வேண்டும், உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது என்பதும் இந்த ஊகத்துக்கே இடம் தருகிறது. தயவுசெய்து இப்போது அதைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். அந்தக் கறுப்பும் பச்சையும்தான் சாட்சி.

அடுத்து, வீட்டில் வட்டமான பதக்கம் ஏதாவது இருந்ததா, யாராவது அடகு வைத்தார்களா என்று வயதானவர்களைக் கேளுங்கள். முதல் உலகப் போரில் கடல் கடந்து சேவை செய்தவர்களுக்குக் கொடுத்த பிரித்தானியப் போர்ப் பதக்கம் சிப்பாய்களுக்கு வெள்ளியில் வந்தது. தொழிலாளர் படைகளில் இருந்த பலருக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளியோ வெண்கலமோ, அதன் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பெயரும் பிரிவும் பொறித்திருக்கும். பூட்டனார் உண்மையிலேயே எகிப்துக்குப் போயிருந்தால் நான் எதிர்பார்க்கும் தடயம் அதுதான். அப்படி ஒன்று கிடைத்தால் மேலே நான் எழுதியதில் பாதியை நானே அழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

மூன்றாவது, துரையைப் பிடியுங்கள். நம் ஆட்களைத் தேடுவதைவிடத் துரைமாரைத் தேடுவது எளிது, அநியாயம் என்றாலும் உண்மை. பெர்குசன் டைரக்டரி என்று ஆண்டுதோறும் வந்த பெரிய புத்தகத்தில், ஒவ்வொரு தோட்டத்தின் பெயர், ஏக்கர் அளவு, அப்போதிருந்த துரையின் பெயர் எல்லாம் இருக்கும். கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் அதைக் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் தோட்டத்தில் 1914 முதல் 1939வரை இருந்த துரைமாரின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் எவராவது போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத் தேடலில் பெயர் விழும், இலங்கையில் தோட்டக்காரராக இருந்தவர் என்ற குறிப்போடு சில பதிவுகள் உண்டு. அதே தேடலில் உங்கள் குடும்பப் பெயரையும் போட்டுப் பாருங்கள். அவர் உயிரோடு திரும்பியவர் என்பதால் அவர் பெயர் வராது, ஆனால் திரும்பாத ஒரு தம்பியோ மச்சானோ இருந்தால் வரக்கூடும்.

கடைசியாகத் தோட்டத்து ஆபீஸ். பழைய செக்ரோல் பல தோட்டங்களில் கறையானுக்குப் போய்விட்டது, கம்பனி கைமாறும்போது எரித்ததும் உண்டு. இருந்தாலும் கேளுங்கள். செக்ரோலில் பங்களா ஆட்களைத் தனியாக எழுதுவார்கள், கங்காணியின் கீழ் வர மாட்டார்கள். பூட்டனாரின் பெயர் கங்காணி வரிசையில் இல்லாமல் பங்களா வரிசையில் இருந்தால், "பட்டாளத்தோடு இருந்தவர்" என்ற என் ஊகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். ஆபீஸில் கிளாக்கர் ஐயாவிடம் போகும்போது வெறும் கையோடு "பழைய புத்தகம் காட்டுங்கள்" என்று நிற்காதீர்கள். தாத்தாவின் பிறப்புப் பதிவின் பிரதியையும் கையில் கொண்டு போங்கள், அதில் தகப்பனின் தொழில் என்ன என்று எழுதியிருக்கும். சொல்லப்போனால், அதை இப்போதே எடுத்துப் பார்க்கலாமே. கூலி என்று இருக்கிறதா, சமையல்காரர் என்று இருக்கிறதா, குதிரைக்காரர் என்று இருக்கிறதா? அந்த ஒரு சொல்லையும், பித்தளைத் துண்டின் பின்பக்கப் படத்தையும், தோட்டத்தின் பெயரையும் இங்கே எழுதுங்கள். டைரக்டரியின் சில ஆண்டுகளின் பிரதிப் பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன, துரையை நான் தேடித் தருகிறேன்.